குப்பிக்குள் பிறக்கும் பூச்செடி



நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலின் ஓரமாக அமைந்திருக்கிறது வேளாங்கண்ணி. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் மாதா கோயில் திருவிழாவுக்கு உங்களில் பலர் பெற்றோருடன் போய் வந்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கடற்கரையிலிருந்து ஊருக்குள் நடந்து வரும் வழியில், மதிலோரங்களிலும் வீட்டு வாசல்களிலும் நிற்கும் பூச்செடிகளைக் கவனித்துப் பாருங்கள். அரளி, காகிதப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ என்று நமக்குத் தெரிந்த செடிகள்தாம். ஆனால் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. உப்புக் காற்றில் ஒரு செம்பருத்தியின் இலையோரம் கருகியிருக்கும். அதே காற்றை வாங்கிக்கொண்டு, அதே மணலில் நிற்கும் இன்னொரு செம்பருத்தி செழிப்பாகப் பூத்திருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? தண்ணீர், எரு, மதிலின் மறைப்பு ஆகியவை ஒரு காரணம். செடியின் பிறவிக் குணம் இன்னொரு காரணம். பிறவியிலேயே உப்பைத் தாங்கும் செடி ஒன்று நம் கையில் கிடைத்துவிட்டால், அதைப்போல ஆயிரம் செடிகளை உண்டாக்க இன்று வழி இருக்கிறது. 'திசு வளர்ப்பு' என்பது அதன் பெயர். இந்த முறையை நம் கடற்கரை ஊர்களின் பூச்செடிகளுக்கு எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இளநீரும் ஊமத்தையும்

செடியின் ஒரு சிறு துணுக்கிலிருந்து முழுச் செடியை வளர்க்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரிய நாட்டுத் தாவர விஞ்ஞானி 1902-ஆம் ஆண்டிலேயே இதைச் சொன்னார். தனி உயிரணுக்களை ஊட்டக் கரைசலில் வைத்தும் பார்த்தார். அவை சில காலம் உயிரோடு இருந்தன, ஆனால் பெருகவில்லை. உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் பொருள் எது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தப் பொருளைத் தேடிய கதையில் நமக்கு நன்கு பழக்கமான இரண்டு பேர் வருகிறார்கள். ஒன்று இளநீர், மற்றொன்று ஊமத்தை. 1941-ல் வான் ஓவர்பீக் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும், ஊமத்தை விதைக்குள்ளிருந்து மிகச் சிறிய கருக்களைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் ஊட்டக் கரைசலில் அவை வளரவில்லை. தேங்காயின் உள்நீரைச் சேர்த்ததும் வளர்ந்தன! 1958-ல் ஸ்டூவர்ட் என்பவர், தேங்காய் நீர் கலந்த கரைசலில் கேரட் உயிரணுக்களைப் பெருக்கி, அவற்றிலிருந்து முழுச் செடிகளை உண்டாக்கிக் காட்டினார். தேங்காய் நீரில் 'சைட்டோகைனின்' என்ற வளர்ச்சிப் பொருள்கள் இருப்பது பின்னர் தெரிய வந்தது.

ஊமத்தைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1964-ல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, எஸ்.சி. மகேஸ்வரி ஆகிய இருவரும் ஊமத்தைப் பூவின் மகரந்தப் பையிலிருந்து செடிகளை வளர்த்தார்கள். மகரந்தத் துகளிலிருந்தே செடி வரக்கூடும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியது இந்த இந்தியச் சோதனைதான். சாலையோரம் தீண்டுவாரின்றி நிற்கும் விஷச் செடி, உலக விஞ்ஞானத்துக்கு வழிகாட்டியது!

குப்பிக்குள் என்ன நடக்கிறது?

நல்ல தாய்ச்செடி ஒன்றின் நுனிமொட்டை வெட்டி எடுக்கிறார்கள். அதன் மேலிருக்கும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் மருந்துநீரில் கழுவி நீக்குகிறார்கள். பிறகு, தூசியும் கிருமியும் புகாதபடி வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்து, ஊட்டக் கூழ் நிரம்பிய கண்ணாடிக் குப்பிக்குள் அதை நடுகிறார்கள்.

அந்தக் கூழில் இருப்பவை தாது உப்புகள், வைட்டமின், சர்க்கரை, வளர்ச்சிப் பொருள்கள் முதலியன. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை என்பது பொதுவான அளவு. குப்பிக்குள் இருக்கும் துணுக்கு தன் உணவைத் தானே போதிய அளவு தயாரிக்க முடியாததால் சர்க்கரை தேவைப்படுகிறது. கூழை உறைய வைப்பது அகார். அது வேறொன்றுமில்லை, நோன்புக் காலத்தில் இனிப்பு செய்யப் பயன்படுத்துகிறார்களே, அந்தக் 'கடல்பாசி'தான். எல்லாவற்றையும் கலந்து, பிரஷர் குக்கரைப் போன்ற ஒரு கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 20 நிமிடம் வைத்துக் கிருமிகளைக் கொன்றுவிடுகிறார்கள்.

வேர் வேண்டுமா, தளிர் வேண்டுமா என்பதை நாமே முடிவு செய்யலாம் என்பதுதான் இதில் வியப்பு. 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். கூழில் ஆக்சின் என்ற பொருள் மிகுந்தால் வேர் விடுகிறது. சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் விடுகிறது. ஆகவே முதலில் தளிர்களைப் பெருக்கி, பின்னர் அவற்றை வேர்விடச் செய்கிறார்கள்.

இனி ஒரு கணக்கு. ஒரு தளிர் 6 வாரத்தில் 4 தளிராகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பிரித்து மீண்டும் நட்டால், அடுத்த 6 வாரத்தில் 16. ஓராண்டில் இப்படி 8 சுற்று நடத்தலாம். 4-ஐ 8 முறை பெருக்கிப் பாருங்கள்: 65,536! நடைமுறையில் கிருமி பட்டும் வாடியும் பல குப்பிகள் வீணாகும். ஆயினும் ஒரே ஒரு மொட்டிலிருந்து ஓராண்டில் பல்லாயிரம் செடிகள் என்பது மெய்தான்.

கத்தி போதுமான இடத்தில் குப்பி எதற்கு?

இவ்வளவு திறமையான முறை இருக்கும்போது எல்லாப் பூச்செடிகளையும் இப்படியே பெருக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

அரளியின் ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் நட்டால் வேர் பிடித்துக்கொள்கிறது. செம்பருத்தியும் அப்படியே. கடற்கரைகளில் வேலிக்கு ஏற்ற சங்கங்குப்பியும் அப்படியே. முல்லைக்கும் மல்லிகைக்கும் பதியன் போடுவது நம் முன்னோர் அறிந்த கலை. வேதாரண்யம் வட்டாரத்து முல்லைக் கொல்லைகளுக்குப் போனால் இந்தக் கலையில் தேர்ந்தவர்களை இன்றும் காணலாம். பதியனும் போத்தும் தாய்ச்செடியின் நேர்ப் பிரதிகளே. மரபியல் கண்ணோட்டத்தில் பார்த்தால், குப்பிச் செடிக்கும் குச்சிச் செடிக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் செலவில் வேறுபாடு மிகப் பெரிது. குளிர்சாதனம் பொருத்திய அறை, நாளுக்கு 16 மணி நேர விளக்கு, பயிற்சி பெற்ற கைகள் இவையெல்லாம் குப்பிக்கு வேண்டும். குச்சிக்கு வேண்டியவை ஒரு கத்தி, மணல், நிழல். கத்தியால் முடியும் காரியத்துக்குக் குப்பியைத் தேடுவது விஞ்ஞானம் ஆகாது. அது வெறும் பகட்டு.

அப்படியானால் குப்பி எதற்கு? மூன்று நிலைமைகளில் அதற்கு ஈடு இல்லை.

முதலாவது, குச்சி வேர் பிடிக்காத செடிகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 'மலை லாரல்' என்ற அழகிய பூப்புதர் உண்டு. அதன் குச்சி எளிதில் வேர் விடாது. விதையிலிருந்து வரும் செடியோ பூ நிறத்தில் தாயைப்போல் இருக்கும் என்று சொல்ல முடியாது. 1980-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாயிட், மெக்கௌன் ஆகிய இருவரும் இந்தப் புதருக்கென்றே உப்புக் குறைந்த ஓர் ஊட்டக் கலவையை அமைத்து, அதன் நுனிமொட்டுகளைப் பெருக்கினார்கள். தண்டு கட்டையாகும் செடிகளுக்கு அந்தக் கலவை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஓர் அழகுப் புதருக்காகச் செய்த ஆராய்ச்சி, மரங்களுக்கும் உதவுகிறது பாருங்கள்!

இரண்டாவது, நோய் கண்ட செடிகள். வைரஸ் நோய் உள்ள செடியிலிருந்து குச்சி எடுத்தால் நோயும் கூடவே வரும். ஆனால் தண்டின் உச்சியில் உயிரணுக்கள் பிரிந்துகொண்டே இருக்கும் மிகச் சிறிய பகுதிக்குள் வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. 1952-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் மோரெல், மார்ட்டின் இருவரும் வைரஸ் பீடித்த டேலியாச் செடியின் உச்சியை மட்டும் நறுக்கி வளர்த்து, நோயற்ற டேலியாக்களைப் பெற்றார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நோயற்ற செடி வேறு. நோயை எதிர்க்கும் செடி வேறு. குப்பியிலிருந்து தூய்மையாக வந்த செடியும் கொல்லைக்கு வந்தபின் நோயில் விழலாம்.

மூன்றாவது, தாய்ச்செடி ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது, தேவையோ ஆயிரக்கணக்கில் என்ற நிலைமை. நம் நாட்டில் இந்தத் தொழில் தொடங்கியதே இப்படித்தான். 1987-ல் கொச்சியில் ஏ.வி. தாமஸ் நிறுவனம், பொறுக்கி எடுத்த உயர்ந்த ஏலச்செடிகளைப் பெருக்குவதற்காகத் திசு வளர்ப்புக் கூடம் அமைத்தது. காவிரிப் படுகையில் இன்று உழவர்கள் நடும் ஜி-9 வாழைக் கன்றுகளும் பெரும்பாலும் குப்பியில் பிறந்தவையே.

பிரதியில் பிழை வருமா?

வரும். சில வண்ண இலைச் செடிகளில் பச்சையம் உள்ள உயிரணு அடுக்கும், பச்சையம் இல்லாத அடுக்கும் கலந்திருப்பதால்தான் வெள்ளையும் பச்சையுமான கோலம் அமைகிறது. குப்பியில் ஓர் அடுக்கிலிருந்து மட்டும் செடி எழுந்தால், கோலம் மறைந்து முழுப் பச்சையாகிவிடும்; அல்லது வெளுத்த செடி பிறந்து, தானே உணவு தயாரிக்க வழியின்றி இறந்துவிடும்.

இதைவிடப் பெரிய பாடத்தை மலேசியாவின் எண்ணெய்ப் பனை கற்பித்தது. திசு வளர்ப்பில் உண்டாக்கிய பனைகளை 1980-களில் அங்கே தோட்டங்களில் நட்டார்கள். கன்றாக இருந்தவரை குறை ஒன்றும் தெரியவில்லை. ஆண்டுகள் கழிந்து பூத்தபோதுதான், ஒரு பகுதி மரங்களின் பூக்கள் உருமாறிப் பழம் கெட்டுப்போவது தெரிந்தது. காரணத்தை விஞ்ஞானிகள் 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள். மரபுச் செய்தியின் எழுத்துகள் மாறவில்லை. அவற்றின் மேல் இருந்த ஒரு வேதியியல் குறி குப்பியில் வளர்ந்தபோது அழிந்திருந்தது. அதனால்தான் பூக்கவைத்துப் பார்த்து உறுதி செய்யாமல் ஆயிரக்கணக்கில் நடுவது சூதாட்டம் என்கிறேன். வாங்குவோருக்குப் பாதுகாப்பாக, மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பவியல் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையை நடத்தி வருகிறது. கன்று வாங்கும் உழவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தச் சான்று உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.

பிழையே இல்லாத பிரதியிலும் ஆபத்து உண்டு. ஒரே தாயின் பிள்ளைகள் அனைத்துக்கும் ஒரே பலவீனம்தான் இருக்கும். 'குரோ மிஷெல்' என்ற ஒரே வகை வாழையை நம்பி மத்திய அமெரிக்காவில் பெரும் தோட்டங்கள் போட்டிருந்தார்கள். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை கிளம்பியதும் அத்தனையும் வாடின. 1960-களுக்குள் ஏற்றுமதித் தோட்டங்கள் அந்த வகையைக் கைவிட்டு வேறு வகைக்கு மாற வேண்டியதாயிற்று.

கடற்கரை ஊருக்கு எது தேவை?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கி எண்ணற்ற உயிர்களைக் கொண்டு போயிற்று. நிலங்களிலும் கிணறுகளிலும் கடல்நீர் புகுந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, தென்னையும் மாவும் பூந்தோட்டமும் சாய்ந்து கிடக்கும்படி செய்தது. இத்தகைய அழிவுக்குப் பின், விரைவில் பசுமையாக்க வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் வரும். வெளியூரிலிருந்து ஒரே வகைக் கன்றுகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து நடுவது எளிதாகத் தோன்றும்.

எளிதான அந்த வழி சரியான வழி அன்று என்பது என் கருத்து. முதற்காரணம், குப்பிக் கன்றின் மென்மை. குப்பிக்குள் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அங்கே வளர்ந்த இலையின் மேல் மெழுகுப் பூச்சு சரிவரப் படிந்திருக்காது. இலைத்துளைகளும் ஒழுங்காக மூடிக்கொள்ளப் பழகியிருக்கமாட்டா. நேரே வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் கொண்டுவந்தால் சில மணி நேரத்தில் வாடிவிடும். ஈர அறை, நிழல் வலை, திறந்த வெளி என்று வாரக் கணக்கில் படிப்படியாகப் பழக்க வேண்டும். கடலோரத்தில் இந்தப் பழக்கும் காலத்தை இன்னும் நீட்டித்தாக வேண்டும்.

இரண்டாவதும் முக்கியமானதுமான காரணம் வேறு. பெருக்கும் வேலையைக் குப்பி செய்யும். தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்யாது. உப்பைத் தாங்காத தாயிடமிருந்து 65,536 பிரதி எடுத்தால், உப்பைத் தாங்காத 65,536 செடிகள்தாம் கிடைக்கும். நல்ல தாயைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அறிவுக்கு வேலை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'பாரிமுல்லை', சிலந்திப்பேனின் தாக்குதலைத் தாங்குவதால் பெயர் பெற்ற ரகம். கூர்ந்து கவனித்துத் தேர்ந்தெடுத்ததன் பயன் அது. நம் கடற்கரையில் ஆழிப்பேரலையையும் புயலையும் கண்டு, இன்றும் நின்று பூக்கும் செடிகள் இருக்குமானால், அவையே நாம் தேட வேண்டிய தாய்கள். அவற்றின் முகவரி எந்த ஆராய்ச்சி நிலையத்தின் ஏட்டிலும் இருக்காது. தெருவிலே நடப்பவர்களுக்குத்தான் தெரியும்.

"வேலி என்றால் ஒரே மாதிரி இருந்தால்தானே அழகு? பல தாய்களின் பிள்ளைகளைக் கலந்தால் உயரமும் நிறமும் ஏறுமாறாகி விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு மதிலுக்கு ஒரு தாயின் பிள்ளைகளை வைக்கட்டும். அடுத்த மதிலுக்கு இன்னொரு தாயின் பிள்ளைகளை வைக்கட்டும். ஊருக்குப் பத்துத் தாய்களாவது இருந்தால் ஒவ்வொரு வேலியும் சீராக இருக்கும். ஊர் முழுதும் ஒரே நோயில் பட்டுப்போகாமலும் இருக்கும்.

உங்கள் பங்கு

இந்தத் தேடலில் பள்ளி மாணவர்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேருங்கள். கடலிலிருந்து உங்கள் பள்ளி வரை உள்ள செம்பருத்திச் செடிகளை ஒரு நோட்டில் பதியுங்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், ஊற்றுவது மழைநீரா ஆழ்குழாய்க் கிணற்று நீரா, இலையோரம் கருகியிருக்கிறதா, எந்தெந்த மாதங்களில் பூக்கிறது, புயலுக்கு முந்தியே நட்டதா என்று வீட்டுக்காரர்களைக் கேட்டு எழுதுங்கள். செழிப்பான பத்துச் செடிகளிலிருந்து, அவர்களுடைய அனுமதியோடு, ஒரு சாண் நீளக் குச்சிகளாகச் செடிக்கு ஆறு எடுத்து, எண் எழுதிய தொட்டிகளில் நடுங்கள்.

வேர் பிடித்துத் தழைத்த பிறகு, ஒவ்வொரு தாயின் பிள்ளைகளிலும் பாதிக்கு நல்ல நீரும், மறுபாதிக்கு லிட்டருக்கு 3 கிராம் சமையல் உப்பு கரைத்த நீரும் ஊற்றி வாருங்கள். எல்லாத் தொட்டிகளுக்கும் மண்ணும் வெயிலும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான், தெருவில் கண்ட செழிப்பு தண்ணீராலும் மறைப்பாலும் வந்ததா, பிறவிக் குணமா என்பது வெளிப்படும். 6 வாரம் கழித்துக் கருகிய இலைகளை எண்ணுங்கள். அரளியையும் இப்படிச் சோதிக்கலாம்; ஆனால் அதன் பால் நச்சுத்தன்மை உடையது. ஆசிரியர் துணையில்லாமல் வெட்டாதீர்கள். வெட்டியபின் கை கழுவ மறக்காதீர்கள்.

பத்துத் தாய்களில் இரண்டு உப்பைத் தாங்கினாலும் அது பெரிய கண்டுபிடிப்பே. அந்த நோட்டை அருகிலுள்ள வேளாண்மை அலுவலரிடமோ கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். குச்சி எளிதில் வேர் விடுகிறதா? நீங்களே பெருக்கி ஊருக்குக் கொடுங்கள். குச்சி வேர் விட மறுக்கிறதா, நோய் ஒட்டியிருக்கிறதா? அப்போது குப்பியைத் தேடுங்கள். அதற்காகத்தான் விஞ்ஞானிகள் அதை உருவாக்கியிருக்கிறார்கள். எந்தச் செடி குப்பிக்குள் போகத் தகுதியானது என்பதை மட்டும் உங்கள் நோட்டுப் புத்தகம் முடிவு செய்யட்டும்.